மனைக்கு அனுமதி, தெருவுக்கு?

ஊரப்பாக்கத்திலோ மண்ணிவாக்கத்திலோ ஒரு கிரவுண்டு வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அப்ரூவல் இருக்கா?" இருக்கிறது என்று புரோக்கர் சொன்னதும் முகம் தெளிந்துவிடும். எந்த அப்ரூவல், யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று அடுத்த கேள்வி கேட்பவர் அபூர்வம். கொஞ்சம் நீளமான சங்கதிதான். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றி ஆற்றிக் குடித்தபடியே பார்த்துவிடலாம்.

அப்ரூவல் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிக் காகிதங்கள் இருக்கின்றன. முதலாவது மனைப்பிரிவு அனுமதி. வயலாகவோ தோப்பாகவோ கிடந்த நிலத்தை ரோடு, பூங்கா, மனை என்று பிரித்துக்கொள்ள அரசு தருவது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ எனும் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதற்கு வெளியே டிடிசிபி எனும் நகர் ஊரமைப்புத் துறை. இரண்டாவது, அந்த மனையில் வீடு கட்டுவதற்கான திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும். சிறிய கட்டடமென்றால் இவை உள்ளாட்சியிலேயே கிடைத்துவிடும். மூன்றாவது, கட்டி முடித்த பிறகு, வரைபடத்தில் காட்டியபடிதான் கட்டியிருக்கிறீர்கள் என்று தரும் நிறைவுச் சான்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றும் இருப்பதாக நம்பவைத்து விற்பது புறநகரில் பழைய தொழில்.

மனைப்பிரிவில் இருந்து தொடங்குவோம். மற்ற சிக்கல்களுக்கெல்லாம் வேர் அங்கேதான். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டுக் கணக்கில் பதினெட்டுக்குச் சற்று மேல். முறையாக அனுமதி வாங்கினால் ரோடுகளுக்கே கால் பாகத்துக்கு மேல் போய்விடும். நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் பொதுத் திறவிடத்துக்கு, அதாவது பூங்காவுக்கோ விளையாட்டு இடத்துக்கோ என்று கணக்கு வரும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் போக ஏக்கருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிரவுண்டு விற்கக் கிடைக்கும்.

அனுமதி வாங்காதவர் என்ன செய்தார்? ரோட்டைப் பதினாறு அடியாகச் சுருக்கினார், பூங்காவை விட்டுவிட்டார், பதினைந்து கிரவுண்டு விற்றார். இடையில் இருக்கும் அந்த மூன்று கிரவுண்டுதான் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவின் முழு ரகசியம். அந்த மூன்றுக்காகத்தான் தாம்பரம், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஊர் ஊராக எதிரெதிரே இரண்டு கார் ஒதுங்க முடியாத தெருக்கள் உருவாயின. வாங்கியவரும் ஏமாளி அல்ல. அப்ரூவ்டு மனை விலைக்கு அவரால் எட்டியிருக்க முடியாது. பாதி விலைக்குக் கிடைத்ததை மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கினார்.

இங்கேதான் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பிரசித்தி பெற்ற சரக்கு வருகிறது. மனைப்பிரிவு வரைபடத்தின் மூலையில் ஊராட்சித் தலைவரின் முத்திரையும் பச்சை மை கையெழுத்தும் இருக்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் கிராம ஊராட்சிக்கு இருந்தது சிறிய வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரம். நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி தரும் அதிகாரம் சிஎம்டிஏவுடையது அல்லது டிடிசிபியுடையது. அந்தக் கையெழுத்தை நம்பிப் பல ஆண்டுகள் பத்திரப் பதிவும் நடந்தது, வரியும் வாங்கினார்கள், கரண்டும் கொடுத்தார்கள். அரசின் ஒரு கை அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க, இன்னொரு கை ரசீது போட்டுக்கொண்டிருந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு பிரேக் போட்டது. விளைநிலங்களை இஷ்டத்துக்கு மனையாக்குவதை எதிர்த்த பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அந்த ஆண்டே அக்டோபர் 20-ல் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன: அந்த அக்டோபர் தேதிக்கு முன் உருவாகி விற்பனை நடந்த மனைப்பிரிவுகளாக இருந்தால், வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி மனையைச் சரிசெய்துகொள்ளலாம். கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

நியாயமான வழிதான். லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பைச் செல்லாக்காசாக்க எந்த அரசாலும் முடியாது, ஆக்கவும் கூடாது. ஆனால் வரன்முறை செய்ததால் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். மனையின் காகிதம் சுத்தமானது. வங்கி கடன் கொடுத்தது. விலை ஏறியது. ரோடு மட்டும் அதே பதினாறு அடி. பூங்காவுக்கு விடாத இடம் விடாததுதான். கட்டிய கட்டணத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு அடி அகலம்கூடக் கூடவில்லை. நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்: நம் அனுமதி முறை மனையைப் பார்க்கிறது, தெருவைப் பார்ப்பதில்லை. ஊர் வளர்வதோ தெருவில்.

சரி, மனை சரியாக இருக்கிறது, வீடு கட்டப் போகிறீர்கள். தாய்ப்பத்திரம், உங்கள் பெயருக்கான கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து, பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போட்டுக்கொண்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதில் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பட்டா. கிரயம் ஆனதும் சொத்து நம்முடையது என்று பட்டா மாற்றாமல் பத்து வருடம் விட்டுவிடுவார்கள். விண்ணப்பிக்கும்போது பார்த்தால் பட்டா முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், அல்லது உட்பிரிவு ஆகாமல் பழைய விவசாயி பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும். பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,340 என்றால் குறைவான அளவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வீடு கட்ட முடிவெடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே பட்டாவை முடித்து வைப்பவர் பாக்கியவான்.

எவ்வளவு கட்டலாம் என்பதைச் சொல்வது 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதுவரை சிஎம்டிஏவுக்கு ஒரு விதி, டிடிசிபிக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று இருந்ததை ஒன்றாக்கியது நல்ல காரியம். அதில் நமக்கு வேண்டிய எண் தளப்பரப்புக் குறியீடு, பேச்சு வழக்கில் எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதுதான் அது. முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு ஒன்றரை மடங்கு. 2019 விதிகள் அதை இரண்டாக்கின. உயர்மாடிக் கட்டடத்துக்கு, அதாவது 18.30 மீட்டருக்கு மேல் போவதற்கு, 3.25. இது எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் பொறுத்தது. சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் கட்டடத்தின் உயரத்தையும் மனையின், சாலையின் அகலத்தையும் பொறுத்தது.

ஒன்றரை இரண்டானது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஒரு கிரவுண்டில் வைத்துப் பார்ப்போம். 2,400 சதுர அடிக்கு இரண்டு மடங்கு 4,800 சதுர அடி. கீழே ஸ்டில்ட் பார்க்கிங். அது எஃப்எஸ்ஐ கணக்கில் வராது. மேலே மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு. மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 800 சதுர அடி வரும். முன்பு தென்னை மரமும் துவைக்கிற கல்லும் இருந்த தனி வீட்டை பில்டரிடம் கொடுத்து, மூன்று வீடு உரிமையாளருக்கு, மூன்று வீடு பில்டருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் என்று எங்கே நடந்தாலும் நீங்கள் பார்ப்பது இந்தக் கட்டடத்தைத்தான்.

இந்த ஆறு வீட்டுக் கட்டடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 10,000 சதுர அடிக்குள், எட்டு வீட்டுக்குள் இருப்பதால் உள்ளாட்சியே அனுமதி தந்துவிடும். சிஎம்டிஏ வரை போக வேண்டியதில்லை. 750 சதுர மீட்டருக்குள், எட்டு வீட்டுக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்று வேண்டாம் என்று 2024-ல் விதி தளர்ந்தது. அதற்கு முன்பு மூன்று வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை இருந்தது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமோ, மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல் இல்லை என்றாலோ பதிவு செய்யத் தேவையில்லை என்கிறது. ஆக, மூன்று சல்லடை வைத்திருக்கிறோம். புறநகரில் அதிகம் கட்டப்படும் கட்டடம் மூன்றின் கண்ணிலும் விழாமல் கீழே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு தளர்வுக்கும் தனித்தனியே நல்ல காரணம் இருக்கிறது. மூன்றையும் அடுக்கி வைத்து யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

தனி வீடு கட்டுபவருக்கு இப்போது இன்னும் சுலபம். 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால், ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. நிறைவுச் சான்றும் வேண்டாம். சொன்னதெல்லாம் உண்மை என்ற பொறுப்பு கட்டுபவருடையது. பொய்யென்றால் அனுமதி ரத்தாகும்.

"ஆய்வே இல்லாமல் அனுமதியா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. இரண்டு பெட்ரூம் வீடு கட்ட ஆசைப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியரை மாதக்கணக்கில் நடக்கவைத்து, ரசீது இல்லாத செலவையும் தலையில் கட்டிய பழைய ஆய்வு எதைத் தடுத்தது? ஏரியில் கட்டியதைத் தடுக்கவில்லை. இரண்டு மாடிக்கு வாங்கி நான்கு மாடி கட்டியதைத் தடுக்கவில்லை. சிறிய வீட்டுக்காரரை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் பெரிய கட்டடங்களையும் நீர்வழிகளையும் பாருங்கள் என்றால் அதில் நியாயம் உண்டு. விட்ட நேரத்தில் அதைப் பார்க்கிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அனுமதி இருக்கிறது என்றால் கட்டடம் உறுதியாக இருக்கும் என்றும் பலர் நினைக்கிறார்கள். 2014 ஜூன் 28 மாலை, மழைக்கு நடுவே, மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கு சிஎம்டிஏ அனுமதி இருந்தது. பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். காகிதம் சொல்வது இவ்வளவு இடைவெளி, இவ்வளவு உயரம் என்பதை. மண் எவ்வளவு தாங்கும், தூணில் கம்பி எத்தனை என்பதை மண் பரிசோதனையும், வடிவமைத்த பொறியாளரும், சைட்டில் நின்று பார்க்கும் மேஸ்திரியும்தான் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது டைல்ஸ் தேர்வு செய்ய நான்கு கடை ஏறி இறங்குகிறோம். மண் பரிசோதனை என்றால் "பக்கத்து வீட்டுக்காரர் செய்திருப்பாரே" என்கிறோம்.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். இனிமேல்தான் கணக்கு.

நாற்பது மனை உள்ள ஒரு தெரு. எல்லாம் ஒரு கிரவுண்டு, எல்லாம் தனி வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 160 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புற நீர் வழங்கலுக்கு நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல். அந்தக் கணக்கில் தெருவுக்கு 21,600 லிட்டர் வேண்டும். இதில் பாதி, இருபது மனை மட்டும், ஆறு வீட்டுக் கட்டடமாக மாறுகிறது என்று வையுங்கள். அந்த இருபதில் 480 பேர், மீதி இருபதில் 80 பேர், ஆக 560 பேர். தண்ணீர் 75,600 லிட்டர். மூன்றரை மடங்கு. 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினம் ஆறு லாரிக்கு மேல். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியேறும். பாதாளச் சாக்கடை வராத தெருவில் அதை உறிஞ்சிக்கொண்டு போக வேறு லாரிகள். இருபது அனுமதிகளில் ஒன்றிலும் தப்பில்லை. எஃப்எஸ்ஐ சரி, காலியிடம் சரி, கார் நிறுத்தமும் சரி. இருபதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை எந்த மேசையிலும் இல்லை.

கூட்டாததன் விளைவைத் தெருவில் நின்றால் பார்க்கலாம். முதலில் போர். அறுபது அடியில் தண்ணீர் கிடைத்த இடத்தில் புதுக் கட்டடம் முந்நூறு அடி இறக்குகிறது. பழைய வீட்டுக்காரர் கிணறு கோடைக்கு முன்பே கையை விரித்துவிடுகிறது. அடுத்தது சாய்தளம். ஸ்டில்ட்டுக்குள் கார் ஏற, கேட்டுக்கு வெளியே மூன்று அடி சிமென்ட் சரிவு போடுகிறார்கள். அது நிற்பது மழைநீர்க் கால்வாயின் தலையில். உள்ளே எப்போதோ அடைத்துக்கொண்டால் தூர்வார மூடியைத் தூக்க முடியாது. பிறகு ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, 1990-ல் தெருவைவிட இரண்டு படி உயரத்தில் கட்டிய வீடு இப்போது தெருவுக்குக் கீழே இருக்கிறது. ஐப்பசி வந்தால் வாசலில் மணல் மூட்டை. புதிதாகக் கட்டுபவர் புத்திசாலி. இன்றைய ரோட்டைவிட நான்கு அடி உயர்த்தித் தொடங்குகிறார். அவர் மனையில் விழும் மழை பக்கத்து வீட்டுக்குப் போகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட மாநிலம் இது. வரைபடத்தில் அந்தக் குழி அழகாக வரையப்பட்டிருக்கும். கட்டி முடித்த பிறகு அங்கே டைல்ஸ் ஒட்டியிருக்கும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை டிவியில் பார்த்தோம். படகில் ஏற்றப்பட்டவர்களில் அங்கீகாரம் பெற்ற மனைக்காரரும் உண்டு, பெறாதவரும் உண்டு. அடையாற்று வெள்ளம் காகிதம் கேட்டு வரவில்லை. ஆற்றுக்குப் போகும் வாய்க்கால்களின் கரையிலும் ஏரி உபரிநீர் வழியிலும் ஒவ்வொரு மனையாக, ஒவ்வொரு அனுமதியாக நிறைந்ததன் மொத்தம் அன்றைக்குத் தெரிந்தது.

பள்ளிக்கரணையில் இந்தக் கேள்வி இப்போது நேராகவே வந்து நிற்கிறது. அங்குள்ள சதுப்புநிலத்தின் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்தப் பகுதிக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், பாதிப்பு மண்டலம் எதுவென்று அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும்வரை கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. வேளச்சேரி, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் மனை வைத்திருந்த பல குடும்பங்களின் விண்ணப்பம் நின்றுபோனது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெரிய அடுக்குமாடிகளும் ஐடி வளாகங்களும் எழும்பிய பிறகு, கடைசியாக ஒரு மாடி எழுப்ப வந்தவரிடம் "நில்" என்றால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் தீர்ப்பாயம் கேட்டது சரியான கேள்வி. ஒரு மனையை விட்டு விலகி, அந்த வட்டாரம் மொத்தமும் எவ்வளவு தாங்கும் என்று முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். இருபது வருடம் முன்பே திட்டமிடுபவர்கள் கேட்டிருந்தால் நீதிமன்றம் வரை வந்திருக்காது.

அதற்காக "இனிமேல் கட்டாதே" என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஏற்கனவே வீடு உள்ளவர்தான் பெரும்பாலும் அதைச் சொல்கிறார். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவரைத் தெற்கே தெற்கே கொண்டுவந்து விட்டதுதான் இந்தப் புறநகரின் சரித்திரம். பல்லாவரம் நகராட்சியின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 1.45 லட்சம், 2011-ல் 2.15 லட்சம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் அதற்கு முன்பிருந்தே விலை ஏறிக்கொண்டிருந்தன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று அங்கே மத்திய கணக்கெடுப்புத் துறை மாதாமாதம் வெளியிடுகிறது. பங்குச்சந்தைக்காரர்கள்கூட அதற்காகக் காத்திருப்பார்கள். பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் எண் அது. அங்கேயும் புறநகரில் சண்டை உண்டு, அனுமதி தாமதம் உண்டு. ஆனால் எண்ணிப் பார்க்கிறார்கள். நம்மிடமோ விண்ணப்பம் முழுக்க இணையத்தில் வந்துவிட்டது. சர்வே எண், தெருப் பெயர், பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் கணினியில் இருக்கிறது. வார்டு வாரியாக, தெரு வாரியாக இந்த ஆண்டு எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தோம் என்று மாநகராட்சி வாசலில் ஒட்ட ஒரு பிரிண்ட் அவுட் போதும். அதைக் குடிநீர் வாரியமும் மழைநீர்க் கால்வாய் போடும் பொறியாளரும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பணமும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அனுமதிக்கும் சதுர அடிக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். வளர்ச்சிக் கட்டணம் தனி. பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று இன்னொன்றும் உண்டு. வாங்கிய தெருவிலேயே செலவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. ஒரு தெருவில் ஆறு வீட்டுக் கட்டடம் ஐந்து வந்துவிட்டால், அங்கே வாங்கிய கட்டணத்தில் முதல் பங்கு அந்தத் தெருக் கால்வாய்க்கும் குழாய்க்கும் என்று ஒரு விதி போடட்டும். குறுகிய தெருவில் எஃப்எஸ்ஐ முழுவதையும் தராமல், தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்த பிறகு மீதியைத் தரட்டும். பில்டர்கள் கத்துவார்கள். கத்தட்டும், வீட்டை விற்றதும் போய்விடுகிறவர் அவர், லாரித் தண்ணீருக்கு மாதம் மாதம் பணம் கட்டப் போகிறவர் வாங்கியவர்.

அந்த விதி எப்போது வருமோ. அதுவரை மனை வாங்கப் போகிற உங்களுக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். மனைப்பிரிவு அனுமதி எண்ணை வாங்கி, சிஎம்டிஏவிலோ டிடிசிபியிலோ இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது. வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்துக்கு நடந்து போய், அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் அனுமதி வரைபடம் சைட்டில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் வக்கீல் பார்ப்பார். தெருவை அவர் பார்க்க மாட்டார். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரோட்டை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். மூன்றாவது வீட்டுப் பெரியவரிடம் மே மாதத்தில் தண்ணீர் எப்படி, 2015-லும் 2023-லும் வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று விசாரியுங்கள். தை மாதம் பூஜை போட்டு, மாலை கட்டிய நுழைவாயிலோடு மனைகளைக் காட்டுவார்கள். அவசரப்படாமல் கார்த்திகை மழையில் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.